பிளஸ் டூ முடித்த மகனுக்குப் பைக்கா, லேப்டாப்பா, தங்கமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகன் இந்த வருடம் பிளஸ் டூ எழுதி முடித்திருக்கிறான், ரிசல்ட் இன்னும் வரவில்லை. அப்பா கையில் ஐம்பதாயிரம் ஒதுக்கி வைத்திருக்கிறார். பையன் பைக் கேட்கிறான், மீதிக்கு லோன் போட்டுக்கொள்ளலாம் என்கிறான். மனைவி தங்கக் காசாக எடுத்து வைத்துவிடலாம் என்கிறார், தாத்தா காலேஜுக்கு லேப்டாப்தான் வேண்டும் என்கிறார். அப்பா இதற்குள் "நல்ல மார்க் வரட்டும், பைக் பார்க்கலாம்" என்று பாதி வாக்கும் கொடுத்துவிட்டார். இப்போது எதை வாங்குவது?

நான் 24 வருடமாக மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறவள், என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துப் போயிருக்கிறார்கள். எந்தப் பொருள் என்பதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாதி வாக்கை இன்றைக்கே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பைக் தருவது தராதது வேறு விஷயம், "மார்க் வந்தால்" என்ற அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த ஒரு பெண். வீட்டில் 600-க்கு 550 எடுத்தால் போன் என்று சொல்லியிருந்தார்கள். போனை வாங்கி பீரோவிலும் வைத்துவிட்டார்கள், அவளுக்கு அது தெரியும், துணிக்கு அடியில் இருந்த பெட்டியைப் பார்த்திருக்கிறாள். வந்தது 547. மார்க் ஷீட் வாங்க வந்த அன்று எல்லோரும் வரிசையில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள், இவள் மட்டும் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று "மூணு மார்க் டீச்சர்" என்றாள். 547 என்பது எவ்வளவு நல்ல மார்க்! கணக்கில் மட்டும் 96. ஆனால் அவளுக்கு அந்தக் காகிதத்தில் தெரிந்தது இல்லாத அந்த மூன்று மட்டும்தான். அவளுடைய அப்பா கெட்டவர் இல்லை, ஒரு வாரம் கழித்துப் போனைக் கொடுத்தும்விட்டார். ஆனால் "சரி, பரவாயில்லை, எடுத்துக்கோ" என்று கொடுத்திருக்கிறார். பாசத்தோடுதான் கொடுத்தார், அவள் வாங்கிக்கொண்டது என்னவோ மன்னிப்பு மாதிரி.

மார்க்குக்கு விலை ஏற்கெனவே இருக்கிறது. கட் ஆப் இருக்கிறது, கவுன்சலிங் இருக்கிறது, கேட்ட காலேஜ் கிடைக்கும் அல்லது கிடைக்காது. அதற்கு மேல் வீட்டிலும் ஒரு தராசு எதற்கு? எல்கேஜி, யுகேஜியோடு சேர்த்தால் 14 வருடம் காலையில் எழுந்து யூனிபார்ம் போட்டுக்கொண்டு போயிருக்கிறான், கடைசி இரண்டு வருடம் விடியற்காலை டியூஷன், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். நீங்கள் பரிசு கொடுப்பது அதை முடித்ததற்காக. அது கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஹாலை விட்டு வெளியே வந்த அன்றே முடிந்துவிட்டது. அதனால் என் கணக்குப்படி பரிசு கொடுக்க நல்ல நாள் அந்தக் கடைசிப் பரீட்சை நாள்தான். உங்களுக்கு அந்த நாள் தாண்டிவிட்டது, பரவாயில்லை, ரிசல்ட்டுக்கு முன்னால் எந்த நாளும் நல்ல நாள்தான். ரிசல்ட் வந்த பிறகு கொடுத்தால் நீங்கள் என்ன சொன்னாலும் அது மார்க்கோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு பாடத்தில் போய்விட்டால்? அப்போதும் கொடுத்தது கொடுத்ததாகவே இருக்க வேண்டும். துணைத்தேர்வு உடனடியாகவே நடக்கிறது, அதை எழுதிவிட்டு அதே வருடம் காலேஜ் சேர்ந்த பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்த ஒரு மாதத்தில் கையில் அப்பா கொடுத்த ஒரு பொருள் இருப்பது பெரிய தைரியம்.

சரி, பைக்குக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் மகனுக்கு 18 முடிந்துவிட்டதா? நம் ஊரில் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பு சேர்க்கிறோம், பிளஸ் டூ முடிக்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்கு 17 தான் நடக்கும். 16 வயதில் லைசென்ஸ் எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள், அது 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு மட்டும். பையன் கேட்கிற வண்டி நிச்சயம் அது கிடையாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் வழக்கு பெற்றோர் மீதும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் மீதும் வரும். 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, அதோடு அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. இதில் கடைசியாகச் சொன்னதைப் பையனிடம் நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். 17 வயதில் ஆறு மாத அவசரத்துக்காக 25 வரைக்கும் வண்டி ஓட்ட முடியாமல் போகலாம் என்றால் அவனுக்குப் புரியும்.

சட்டத்தை விடுங்கள், விபத்து நடந்துவிட்டால்? லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டியில் அடிபட்ட ஆளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீடு கொடுத்தாலும், அந்தப் பணத்தை வண்டி உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்க முடியும். அதாவது உங்களிடமிருந்து. ரிசல்ட் வருகிற மே மாதத்தை நினைத்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். புது வண்டி, பின்னால் இரண்டு பேர், ஹெல்மெட் டேங்கின் மேல், ஈசிஆர் ரோடு அல்லது பைபாஸ். நாங்கள் ஆசிரியர்கள் ஒரு வருடம் பள்ளிக்கூடத்துக்கு மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது, பள்ளியிலிருந்து ஒரு வீட்டுக்கு எல்லோரும் நடந்தே போனோம். அந்த வீட்டு வாசலில் நின்ற வண்டியில் நம்பர் பிளேட் கூட இன்னும் மாட்டியிருக்கவில்லை. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

பைக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. 18 முடிந்ததும் எல்எல்ஆர், அதாவது பழகுநர் லைசென்ஸ், போடுங்கள், 30 நாள் கழித்து டெஸ்ட்டுக்குப் போகலாம், எல்எல்ஆர் ஆறு மாதம் செல்லும். தினமும் காலேஜுக்கு வீட்டிலிருந்து போய் வரப்போகிறான், பஸ் சரியில்லை என்றால் அப்போது வண்டி தேவையான பொருள், பரிசு இல்லை. ஹாஸ்டல் என்றால் வண்டியே வேண்டாம், பல ஹாஸ்டல்களில் விடவும் மாட்டார்கள். அப்புறம் லோன் போட்டுப் பரிசு வாங்காதீர்கள். ஒவ்வொரு மாதமும் இஎம்ஐ கட்டும்போது வாயிலிருந்து ஏதாவது வந்துவிடும்.

லேப்டாப். தாத்தா சொல்வது சரி, ஆனால் இப்போது வாங்காதீர்கள். இதில் நாங்களே சூடுபட்டவர்கள். 2018-ல் என் மகனுக்கு ரிசல்ட் வந்த வாரமே கடைக்குப் போய், எல்லோரும் சொன்ன மாதிரி லேசாக, அழகாக ஒன்று வாங்கிவிட்டோம். 4 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பையன் கடைசியில் சேர்ந்தது ஆர்க்கிடெக்சர். இரண்டாம் வருடம் முப்பரிமாண வரைபடம் போடுகிற சாப்ட்வேர்கள் வந்ததும் அந்த மெஷின் திணறியது, ஒரு கட்டட வரைபடத்தை நிஜப் படம் மாதிரி ஆக்க (ரெண்டர்) போட்டுவிட்டுத் தூங்கப் போவான், காலையில் எழுந்து பார்த்தால் பாதியில் நின்றிருக்கும். இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று, முதல் மெஷின் இப்போது என் மார்க் லிஸ்ட் போட்டுக்கொண்டிருக்கிறது.

எந்தப் படிப்பு என்று தெரிந்த பிறகு வாங்கினால் இந்தச் செலவு மிச்சம். பி.காம், பி.ஏ, பி.எஸ்சி கணிதம் என்றால் 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி இருந்தால் நிம்மதியாகப் போகும். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி என்றால் 16 ஜிபிக்குக் கீழே பார்க்காதீர்கள். மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் என்றால் 16 ஜிபியோடு தனி கிராபிக்ஸ் கார்டும் வேண்டியிருக்கும், அதில் ஆப்பிள் மெஷின் வேண்டாம், ஏனென்றால் ரெவிட், சாலிட்ஒர்க்ஸ் போன்ற வரைபட சாப்ட்வேர்கள் விண்டோஸுக்காகச் செய்தவை. மருத்துவம் சேர்கிற பிள்ளைக்கு முதல் வருடம் லேப்டாப்பை விட, எழுதிப் படிக்கிற மாதிரி டேப்லெட் அதிகம் உதவும் என்று என் பழைய மாணவர்கள் சொல்கிறார்கள். முதல் செமஸ்டரில் பெரும்பாலும் போனும் காலேஜ் லேப்பும் போதும், சீனியர்களிடம் கேட்டுக்கொண்டு வாங்கலாம். இன்னொன்று, 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தது, சேரும் காலேஜில் அதைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுக் கையிலிருந்து பணத்தை எடுங்கள்.

வாங்கும்போது ஆன்சைட் வாரண்டி இருக்கிறதா என்று பாருங்கள். மெக்கானிக் ஹாஸ்டலுக்கே வந்து பார்ப்பார். இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டர் இருக்கிற ஊருக்குப் பையன் ஒரு நாள் லீவு போட்டுத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

தங்கம் பற்றி உங்கள் மனைவி சொல்வதை நான் ஒதுக்கவில்லை. ஒரு கிராம், இரண்டு கிராம் காசு என்பது நல்ல சேமிப்பு, அவசரத்துக்கு உதவும். வாங்குவதானால் செய்கூலி, சேதாரம் அதிகமில்லாத காசாக வாங்குங்கள், ஹால்மார்க் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியில் வாங்கினால் நம்பிக்கை என்று நினைப்போம், ஆனால் விற்கப் போனால் வங்கி அந்தக் காசைத் திரும்ப வாங்காது, நகைக்கடைக்குத்தான் போக வேண்டும். 3 சதவீத ஜிஎஸ்டியும் போனது போனதுதான். ஆனால் ஒரு கேள்வி: அந்தக் காசு யாரிடம் இருக்கும்? பீரோவில், அம்மா சாவியில் என்றால் அது குடும்பச் சேமிப்பு. நல்ல காரியம், ஆனால் 17 வயதுப் பையனுக்கு எதுவும் கிடைத்ததாகவே தோன்றாது.

இதைச் சொல்லும்போது பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும், இதைப் படிக்கிறவர்களில் மகள் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்த்தது, பையன் பாஸ் பண்ணினால் வண்டி, போன், டூர். பெண் பாஸ் பண்ணினால் கம்மலோ வளையலோ, அதுவும் "கல்யாணத்துக்கு ஆச்சு" என்று உள்ளே போய்விடும். 14 வருடம் அவளும்தானே படித்தாள்? கல்யாணத்துக்கு எடுப்பதைத் தனியாக எடுங்கள், பள்ளி முடித்ததற்கு அவள் கையில் இருக்கிற மாதிரி, நாளைக் காலையிலிருந்து அவளே உபயோகிக்கிற மாதிரி ஒன்று கொடுங்கள். சின்ன வயதில் செல்வமகள் கணக்கு ஆரம்பித்திருந்தால், பத்தாம் வகுப்பு முடித்ததிலிருந்தே படிப்புச் செலவுக்கு அதில் 50 சதவீதம் வரை எடுக்கலாம், நிறையப் பேர் அது கல்யாணத்துக்குத்தான் என்று தொடாமலே கடன் வாங்குகிறார்கள்.

அப்படியானால் எதைக் கொடுப்பது? என் மகளுக்கு நாங்கள் கொடுத்ததைச் சொல்கிறேன். கடைசிப் பரீட்சை வேதியியல், மதியம் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கிப் போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் அவள் அப்பா இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்று முள் வைத்த சாதாரண வாட்ச். ஏன் ஸ்மார்ட் வாட்ச் இல்லை என்று கேட்பீர்கள், பரீட்சை ஹாலில் ஸ்மார்ட் வாட்சை அனுமதிக்க மாட்டார்கள், காலேஜ் முழுக்கப் பரீட்சைதான். (டைட்டன் தொழிற்சாலை நம் ஓசூரில் இருக்கிறது, 1984-ல் டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. எங்கள் கல்யாண வாட்சும் அங்கே செய்ததுதான், இன்னும் ஓடுகிறது.) பின்பக்கம் அவள் பெயரின் முதல் எழுத்தும் அந்தத் தேதியும் மட்டும் பொறித்திருந்தோம். மார்க் இல்லை, ரேங்க் இல்லை, பள்ளி முடிந்த தேதி.

இரண்டாவது, நீல நிறத்தில் ஜிப் வைத்த ஒரு பைல். உள்ளே பிளாஸ்டிக் உறைகள். முதல் உறையில் பிறப்புச் சான்றிதழ், அடுத்ததில் ஆதார், அப்புறம் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், எல்லாவற்றிலும் ஐந்தைந்து நகல். பிளஸ் டூ மார்க் ஷீட்டுக்கும் டிசிக்கும் இரண்டு உறைகள் காலியாக இருந்தன. கடைசி உறையில் அவள் பெயரில் போட்ட வங்கிப் பாஸ்புக், பத்தாயிரம் ரூபாய் போட்டிருந்தோம். இதுவரைக்கும் இந்தக் காகிதமெல்லாம் என் பீரோவில் இருந்தவை. "இனிமே நீயே வச்சுக்கோ" என்று அவள் அப்பா சொன்னதும் அவள் வாட்சை விட்டுவிட்டு பைலைத்தான் முதலில் திறந்தாள், ஒவ்வொரு உறையாகப் புரட்டி, பிறந்தபோது எடை எவ்வளவு என்று கேட்டாள். அட்மிஷன் அன்று மற்ற பெற்றோர்கள் பாலிதீன் பையில் தேடிக்கொண்டிருந்தபோது இவள் கேட்ட காகிதத்தைக் கேட்ட நொடியில் எடுத்து நீட்டினாள், நான் பின்னால் சேரில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான் என் வேலை.

வங்கிக் கணக்கு விஷயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருவதற்காக வந்த புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் மாதிரியான திட்டங்கள், ஸ்காலர்ஷிப்கள் எல்லாம் மாணவர் பெயரிலுள்ள, ஆதார் இணைத்த கணக்குக்குத்தான் வரும். மைனர் கணக்கு ஏற்கெனவே இருந்தால் 18 ஆனதும் புதுக் கையெழுத்து, கேஒய்சி கொடுத்து மாற்ற வேண்டும், அவனையே போய் வரிசையில் நின்று செய்யச் சொல்லுங்கள்.

சின்னச் சின்னதாகவும் நல்ல பரிசுகள் இருக்கின்றன. என்ஜினீயரிங் என்றால் முதல் வருடம் கிராபிக்ஸ் என்ற வரைபடப் பாடத்துக்குக் கோடு வரைகிற மினி டிராப்டரும் நல்ல சயன்டிபிக் கால்குலேட்டரும் கட்டாயம் வேண்டும், மருத்துவம் என்றால் ஸ்டெதஸ்கோப். ஹாஸ்டல் போகிறவனுக்கு ஒரு திண்டுக்கல் பூட்டு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, கனமாக இருக்கும். அண்ணன் அக்காள், மாமா சித்தி யாராவது என்ன வாங்கட்டும் என்று கேட்டால் இதையெல்லாம் சொல்லுங்கள், ஒரே மாதிரி நாலு ஷர்ட் வந்து சேராது.

அப்புறம் ஒரு பயணம். இது செலவு குறைவு, ஆனால் நேரம் வேண்டும். ஜூன் ஜூலைக்குப் பிறகு அவன் லீவும் உங்கள் லீவும் சேரவே சேராது. என் கணவரும் மகனும் மட்டும் ரயிலில் ராமேஸ்வரம் போய்விட்டு, அங்கிருந்து தனுஷ்கோடி வரைக்கும் போய் வந்தார்கள், இரண்டு ராத்திரி. எங்கே போவது, எதில் போவது, எங்கே தங்குவது எல்லாம் பையன் முடிவு, டிக்கெட்டும் அவனே போட்டான், திரும்பும் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் கிளியர் ஆகாமல் பஸ்ஸில் வந்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று இருவருமே என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் பையன் ஹாஸ்டலிலிருந்து அப்பாவுக்கும் தனியாகப் போன் பண்ண ஆரம்பித்தான், முன்பெல்லாம் என்னிடம் பேசிவிட்டு "அப்பாகிட்ட சொல்லிடும்மா" என்று வைத்துவிடுவான்.

உங்கள் ஐம்பதாயிரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். ஐந்தாயிரத்துக்குள் வாட்ச், அதை இந்த ஞாயிற்றுக்கிழமையே அவனைக் கூட்டிக்கொண்டு போய் அவனுக்குப் பிடித்த மாதிரி வாங்கிவிடுங்கள். ஐந்தாறாயிரத்தில் நீங்கள் இருவரும் போய் வர ஒரு பயணம், ரிசல்ட்டுக்கு முன்னால். பைல் இருநூறு முந்நூறு ரூபாய்தான், அதை நீங்களும் உங்கள் மனைவியும் உட்கார்ந்து அடுக்குங்கள். மீதி கிட்டத்தட்ட நாற்பதாயிரத்தை அவன் பெயரில் கணக்கில் போட்டு, எந்தப் படிப்பு என்று தெரிந்ததும் லேப்டாப்புக்கு என்று அவனிடம் சொல்லிவிடுங்கள், பத்தாமல் போனால் தாத்தா சேர்த்துப் போடட்டும், அவருக்கும் சந்தோஷமாக இருக்கும். பைக்கை மறைக்காமல் பேசுங்கள்: "18 ஆகட்டும், லைசென்ஸ் எடு, எந்தக் காலேஜ்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்." முதல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பான், இருக்கட்டும்.